முதலில் அறிவிப்பு, பிறகு இஞ்சின்

ஒடுகத்தூர் சந்தையில் ஜட்கா வண்டியின் கூரைமேல் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு நான் கத்திய பொய்களிலேயே பெரிய பொய் அக்காவுடையது.

"அன்பார்ந்த மலைநாட்டுப் பெருமக்களே! வருகிற குருத்தோலை ஞாயிறு முதல், புத்தம்புது டீசல் இஞ்சின் பொருத்திய ஜீப், நெல்லிவாசல் நாட்டுக்கு..."

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு அப்போது மைக் செட் கடையில் வேலை. கல்யாணம், சாவு, ஓட்டு, சர்க்கஸ் என்று எதற்கும் ஒரே தொண்டை. அன்றைக்கு அந்தத் தொண்டை முழங்க முழங்க, புளி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த மலைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். உப்பு வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையில் காசை முடிந்தபடியே கேட்டார்கள். ஜீப் என்று நான் சொன்னது, எங்கள் தெருவே அக்கா என்று கூப்பிடுகிற அவர் வீட்டு வாசலில், கோழி முட்டையிடும் கூடாக நின்றிருந்தது. டீசல் இஞ்சின் எங்கே இருந்தது என்பது எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

காலையில் அக்கா கடைக்கு வந்து வாசகத்தை வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தபோதே கேட்டேன்.

"இஞ்சின் எங்கக்கா கீது?"

"வந்துனு கீது."

"எங்கேர்ந்து?"

"அத்த இன்னாத்துக்கு நீ கேக்கற? வண்டி ஏறும்னு சொல்லு. நாளையும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன். குரல மட்டும் கொறைக்காத."

அதுதான் அவர். ஊர் வாயில் போட்டுவிட்டுத்தான் எதையும் கையில் எடுப்பார். நாமெல்லாம் ஒரு காரியத்தை ஆரம்பிக்கும்போது, தோற்றால் யாருக்கும் தெரியக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொள்வோம். அக்கா கதவைத் திறந்துவைத்து, தெருவைக் கூப்பிட்டு, இன்னது நடக்கப்போகிறது என்று சொல்லிவிடுவார். பிறகு அந்தச் சொல்லுக்கும் தனக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை மூச்சிரைக்க ஓடிக் கடப்பார். ஓடும்போது அவரைப் பார்க்க வேண்டும். வெற்றிலைச் சிவப்பு உதடு, தூக்கிச் செருகிய புடவை, கழுத்தில் கறுத்துப்போன ஜெபமாலை, காலில் கணவருடைய பழைய பூட்ஸ்.

வீட்டுக்குப் பின்னால் கிணறு தோண்டியபோது, முதல் கடப்பாரை விழுந்த அன்றே வாழைக்கன்று நட்டவர் அவர். தண்ணீர்? அது வரும். பாறை வந்தது. தோண்டுகிறவர்கள் மேலே ஏறி வந்து, "தண்ணி இல்லம்மா, வெறும் கல்லு" என்று கைகழுவ நின்றபோது, கைகழுவத் தெருக்குழாய்த் தண்ணீரைக் கொடுத்துவிட்டுச் சொன்னாராம்: "வாழ வெச்சாச்சு. இப்ப இல்லேன்னா நான் அதுங்ககிட்ட இன்னான்னு சொல்றது? போங்க, எறங்குங்க." அவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். பாறைக்குக் கீழே ஊற்று இருந்தது. குலை தள்ளியபோது தோண்டியவர்கள் வீட்டுக்கெல்லாம் ஒரு சீப்பு போயிற்று.

ஒருமுறை தவறியது. சொல்லித்தான் ஆக வேண்டும். கணவர் வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கிறிஸ்துமஸுக்கு அவர் நடந்தே பூசைக்கு வருவார் என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் மதில்வரை சொல்லிவைத்தார். சட்டை தைக்கக் கொடுத்தார். அவர் வந்தது அந்த ஜீப்பில், படுத்தபடி, வெள்ளைத் துணியில். ஓட்டி வந்தது அக்கா. அந்தப் புதுச்சட்டையைத்தான் போட்டு அனுப்பினார்கள். இனி இவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று ஊர் நினைத்தது. நானும் நினைத்தேன். நாற்பதாம் நாள் பூசை முடிந்து வந்தவர் என் கடை வாசலில் நின்று, "அது ஒண்ணு தப்பிப்போச்சு" என்றார். அவ்வளவுதான். சொன்னது தப்பு என்று அவர் சொல்லவில்லை. நடந்ததுதான் தப்பு.

ஜீப் அவருடைய கணவர் ஓட்டியது. பட்டாளத்தில் கழித்துவிட்ட பெட்ரோல் ஜீப். மாமனார் ஏலத்தில் எடுத்தது. மலைக்கு உப்பு, மண்ணெண்ணெய், காய்ச்சல்காரர்கள், கல்யாணச் சீர். மலையிலிருந்து புளி, சாமை, தேன். கணவருக்குப் பிறகு அக்காவே ஓட்டினார். பெட்ரோல் விலை ஏற ஏற வண்டி ஓடுவதைவிட நிற்பதே லாபம் என்றாகிவிட்டது. நின்றது. கோழி ஏறியது. கொழுந்தனார் காயலான் கடைக்காரரைக் கூட்டி வந்து காட்டினார்.

கொழுந்தனார் கெட்டவர் இல்லை. நெல் மண்டியில் மூட்டை எடை போடுகிற வேலை. பெரிய உடம்பு, சின்னக் குரல். எதையும் கண்ணாலேயே நிறுத்துப் பார்ப்பவர். அப்பா எடுத்த வண்டியில் தனக்கும் பாதி உண்டு என்றார், அது நியாயம். ஓடாத வண்டி துருப்பிடித்துப் பாதியும் இல்லாமல் போகும் என்றார், அதுவும் நியாயம். வண்டி போனால் அக்காவுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் பீடி சுற்றும் தட்டுதான் கதி. அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

தவக்காலம் தொடங்கிய ஞாயிறு. பூசை முடிந்து வெளியே வந்த கூட்டத்தின் நடுவில், நெற்றியில் வியர்வையோடு அக்கா குரலெடுத்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. குருத்தோலை ஞாயிறு பூசை முடிஞ்ச கையோட எங்க ஜீப்பு டீசல்ல நெல்லிவாசல் ஏறும்."

கூட்டம் சிரித்தது. கொழுந்தனார் சிரிக்கவில்லை. "ஏறலன்னா அண்ணி?"

"ஏறலன்னா நீ எடுத்துக்க தம்பி. பாதி இல்ல, முழுசா. காயலான் கடையில போடு, கோழி வள, உன் இஷ்டம்."

"ஏறிட்டா?"

"ஏறிட்டா அந்தப் பாதிய மறந்துடு."

"சல்லி மேடுவரைக்கும் இல்ல, நெல்லிவாசல்வரைக்கும்."

"நெல்லிவாசல்வரைக்கும்."

பக்கத்தில் நின்ற பங்குச் சாமியாரிடம் திரும்பினார். "சாமி, அன்னிக்கு வண்டிய மந்திரிச்சு வுட்டுடுங்க."

"எந்த வண்டிம்மா?"

"மேல போற வண்டி சாமி."

அடுத்த வாரம் என் தொண்டையை வாடகைக்கு எடுத்தார்.

சொல் ஊரைச் சுற்றியது. பெங்களூர் ரோட்டில் ஒரு புதுமாதிரி வேன் கவிழ்ந்து சப்பிப்போய்க் கிடக்கிறது, இஞ்சினுக்கு ஒரு கீறல் இல்லை என்று லாரிக்காரர் ஒருவர் தேடி வந்து சொன்னார். டீசல் இஞ்சின், டீசல் இஞ்சின் என்று சந்தையில் மைக் வைத்துக் கத்தினால் தேடி வரத்தான் செய்வார்கள். எதை விற்று வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லை. தொழுவத்தில் மாடுகள் இல்லை என்பதை எல்லாரும் பார்த்தோம்.

இஞ்சின் கட்டை வண்டியில் வந்து மெக்கானிக் பாயின் பட்டறையில் இறங்கியது. பாய் பழைய ஜீப்புகளோடு வாழ்ந்தவர். சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அம்மா, இது இஞ்சின் மாத்தற வேலை இல்ல. ஒரு ஆளோட தலைய வெட்டி இன்னொருத்தன் ஒடம்புல வெக்கற வேலை."

"வெச்சுட்டு பேச வுடு பாய். இன்னா பேசுதுன்னு பாக்கலாம்."

ஒன்றுமே ஒன்றோடு சேரவில்லை. இஞ்சினின் முதுகும் கியர் பெட்டியின் வாயும் வேறுவேறு அளவு. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசி, பழைய செய்தித்தாளை ஒட்டி எடுத்து, அந்த அச்சுப்படி இரண்டுக்கும் நடுவில் கனத்த இரும்புத் தகடு ஒன்றை வெட்டினார் பாய். வெட்டினார், மாட்டினார், ஒரு மயிரிழை கோணல் என்று கழற்றினார், மறுபடி வெட்டினார். இஞ்சின் நீளம். ஆகவே ரேடியேட்டரை முன்னால் தள்ள வேண்டியதாயிற்று. ஜீப்பின் தட்டை முகம் மூக்கு முளைத்ததுபோல் நீண்டது. வேடிக்கை பார்க்க வந்த கொழுந்தனார், "இன்னா அண்ணி, பன்னிக்கும் ஜீப்புக்கும் பொறந்ததா?" என்றார். "பன்னிதான் தம்பி மலையில நல்லா ஏறும்" என்றார் அக்கா.

ஒன்று மட்டும் கைமீறிப்போயிற்று. முன்சக்கரங்களுக்குச் சுழற்சி கொண்டுபோகிற தண்டு புது இஞ்சினின் வயிற்றில் இடித்தது. எப்படித் திருப்பியும் இடித்தது. பாய் அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவைத்தார். "நாலு சக்கரம் இழுக்காது. பின்னாடி ரெண்டுதான்." ஜீப்பை ஜீப்பாக்குவதே அந்த நாலு சக்கர இழுவைதான். பட்டறையில் இருந்த எல்லார் முகமும் இறங்கியது. அக்கா தெருவுக்கு வந்து நின்று, டீக்கடைக்குக் கேட்கிற மாதிரி அறிவித்தார்: "ரெண்டு சக்கரத்துலயே மலை ஏறப்போற ஜீப்பு!"

இப்படித்தான். குறையைக்கூடக் கூவி விற்பார்.

பழைய ஜீப்பின் ஆறு வோல்ட் பாட்டரியால் அந்த இஞ்சினை முனகவைக்கக்கூட முடியவில்லை. முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து அக்கா வந்து மைக் செட் பாட்டரியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே ஓடினேன். பாட்டரியை மாட்டினார்கள். அக்கா சாவியைத் திருப்பினார்.

முதலில் இருமல். பிறகு கறுப்புப் புகை. பிறகு அந்தச் சத்தம்! கல் அரைக்கிற ஆலை ஒன்று இதயமாக மாறிவிட்ட சத்தம். ஆணியில் தொங்கிய ஸ்பானர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. காகங்கள் கூரையைவிட்டு எழுந்தன. ஜீப்பின் பக்கக் கண்ணாடியில் எங்கள் எல்லாருக்கும் இரண்டிரண்டு முகம் அதிர்ந்தது. பாய் கண்ணை மூடி மேலே பார்த்து ஏதோ சொன்னார். அக்கா எழுந்து நின்று கைதட்டினார். கை வலிக்கும்வரை தட்டிவிட்டு, போதும் என்று சாவியைத் திருப்பி எடுத்தார்.

இஞ்சின் நிற்கவில்லை.

சாவி அக்கா கையில். இஞ்சின் அது பாட்டுக்கு ஓடுகிறது. பெட்ரோல் வண்டி என்றால் சாவியோடு உயிர் போய்விடும். இதற்கு வேறு பழக்கம், எண்ணெயை நிறுத்தினால்தான் நிற்கும். அக்கா ஒரு நொடி சாவியைப் பார்த்தார், ஒரு நொடி இஞ்சினைப் பார்த்தார். வாசலில் கூடியிருந்த கூட்டத்தை நோக்கிச் சாவியைத் தூக்கிப் பிடித்தார்.

"பாத்தீங்களா? நிறுத்தினாலும் நிக்கமாட்டேங்குது!"

பாய் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார். பிறகு எண்ணெய் அடைக்கிற குமிழில் ஒரு சணல் கயிற்றைக் கட்டி, டாஷ்போர்டில் ஓட்டை போட்டு வெளியே விட்டார். வண்டியை நிறுத்த வேண்டுமானால் கயிற்றை இழுக்க வேண்டும். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி.

குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்து வெளியே வந்தால், மதிலோரம் மலைச்சனம். என் அறிவிப்பை நம்பி முந்தின நாளே நடந்து இறங்கி வந்தவர்கள். தலையில் துண்டு, கையில் கம்பு, உப்பு மூட்டை, மண்ணெண்ணெய் டின், ஒரு கட்டு வாழையிலை. அவர்கள் முகத்தில் சந்தேகமே இல்லை. நான்தான் அவர்கள் கண்ணில் படாமல் ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றேன். சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். முகப்பில் ஒரு குருத்தோலையைச் செருகினார்கள். "நான் வரலம்மா, என் நெஞ்சு தாங்காது" என்று பாய் ஒதுங்கிக்கொண்டார். முன்னிருக்கையில் சாட்சியாகக் கொழுந்தனார் ஏறினார், ஜீப் அந்தப் பக்கம் ஒரு முறை தாழ்ந்தது. பாட்டரி இல்லாமல் திரும்பி வராதே என்று முதலாளி துரத்தியிருந்ததால் நானும் பின்னால் ஏறினேன்.

ஆலங்காயம் சுற்றி, காட்டுக்குள் நுழைந்து, மண் பாதை பிடித்தோம். வண்டி வேகமில்லை. ஆனால் அலட்டிக்கொள்ளவில்லை. பழைய ஜீப் மூச்சுமுட்டிக் கதறுகிற ஏற்றங்களை இது வெற்றிலை மென்றுகொண்டே ஏறுகிற கிழவிபோல ஏறியது. மூங்கில் கிளைகள் முதுகில் அறைந்தன. அக்கா எதிரே வந்தவர்களுக்கெல்லாம் கத்திக்கொண்டே ஓட்டினார். "நெல்லிவாசல் போய்ட்டு வர்றேன்! நெல்லிவாசல்!"

பிறகு சல்லி மேடு வந்தது.

நெல்லிவாசலுக்கு முன்னால் கடைசி ஏற்றம். உதிரிக்கல் பரவிய, சுவரைச் சாய்த்துவைத்தது போன்ற வளைவு. அதன் அடிவாரத்தை அடைந்ததும், யாரும் சொல்லாமலே, பின்னாலிருந்த அத்தனை பேரும் குதித்து இறங்கினார்கள். மூட்டைகளையும் இறக்கிவிட்டார்கள். அது வழக்கம். எத்தனையோ வருஷமாகப் பெட்ரோல் ஜீப் அந்த இடத்தில் திணறும், சனம் இறங்கும், சுமை குறையும், பின்னாலிருந்து தள்ளுவார்கள், மேலே போய் மறுபடி ஏறிக்கொள்வார்கள். மூளை சொல்லும் முன்னே கால் செய்கிற மரியாதை அது. நானும் குதித்தேன். கொழுந்தனாரும் இறங்கிப் பாதையோரம் நின்றார்.

அக்கா கியரைப் போட்டு மிதித்தார். இஞ்சின் கர்ஜித்தது. பின்சக்கரங்கள் அங்கேயே நின்று சுழன்றன. சல்லி பறந்து எங்கள் முழங்காலில் அடித்தது. "தள்ளு, தள்ளு!" என்று தள்ளினோம். ரப்பர் கருகும் வாசனை. வண்டி பின்னால் வழிந்தது, ஓடிப்போய்க் கல் வைத்தோம். மறுபடி. மறுபடியும் அதே. இத்தனை பலமுள்ள இஞ்சின், ஒரு முழம் நகரவில்லை.

கொழுந்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரலில் கேலி இல்லை. "போதும் அண்ணி. நீங்க பண்ணதே பெருசு. விட்டுடுங்க."

பேசாத அக்காவை அன்றுதான் பார்த்தேன். இன்னொரு முறை மிதித்தார்.

இந்தமுறை சக்கரம் கடித்தது. ஒரு கை அகலம் வண்டி முன்னேறியது.

"யாரு ஏறுனது?" என்று கத்தினார் அக்கா.

பின்பலகையில் ஒரு வயசாளி உட்கார்ந்திருந்தார். தள்ளித் தள்ளிக் கால் வலித்துப்போய்க் குந்தியவர். பதறிப்போனார். "நாந்தான் தாயி. காலு நோவுது. தோ, எறங்கிட்றேன்..."

"எறங்காதீங்க! எறங்கினா ஒதைப்பேன்! குந்துங்க அங்கேயே!" அக்கா இருக்கையில் எழுந்து நின்று பின்னால் திரும்பினார். முகம் முழுக்கப் புழுதி, அதற்குள் பல் மட்டும் வெள்ளை. "எல்லாரும் ஏறுங்க! மூட்டைய ஏத்துங்க! அத்தினி பேரும் பின்னாடி!"

"ஏறினா பாரந்தானம்மா?" என்றார் ஒருவர்.

"பாரந்தான் வோணும்! முன்னாடி அவ்ளோ பெரிய இஞ்சின வெச்சுட்டு பின்னாடி காலியா வுட்டா சக்கரம் எத்த புடிச்சிக்கும்? ஏறுங்க!"

தள்ளிய கைகள் எல்லாம் ஏறின. உப்பு ஏறியது, மண்ணெண்ணெய் ஏறியது. வாழையிலைக் கட்டின்மேல் நான் ஏறினேன். பின் பம்பரில் வரிசையாகக் கால்கள். பார்த்தவர்கள் பைத்தியம் என்பார்கள். மலை ஏற முடியாத வண்டியின்மேல் இன்னும் சுமையை ஏற்றுகிற கூட்டம். அக்கா மிதித்தார். சக்கரம் சல்லியைக் கடித்து, விழுங்கி, ஏறியது. பாதி மேடு. முக்கால் மேடு. வளைவின் கழுத்தில் கடைசி உதிரிக்கல்லில் மறுபடி வழுக்கி நின்றது. சக்கரம் சுழல்கிறது, துடிக்கிறது, ஆனால் போகவில்லை. இன்னும் கொஞ்சம்தான் வேண்டும்.

பாதையில் மிச்சம் ஒரே ஒருவர். வண்டியோடு கூடவே நடந்து ஏறி வந்த கொழுந்தனார்.

எல்லாருக்கும் தெரிந்தது. அவருக்கும். நிற்கிற இடத்திலேயே நின்றால் வண்டி அவருடையது.

அக்கா கெஞ்சவில்லை. கண்ணாடியில் பார்த்துக் கத்தினார். "தம்பி! எடை போடறவன்தானே நீ? பின்னாடி எவ்ளோ கொறையுதுன்னு உனுக்குத் தெரியலியா?"

கொழுந்தனார் சக்கரத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். நாளெல்லாம் தராசின் முன்னால் நிற்கிறவர். ஒரு தட்டு அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்கப் பழகாத மனிதர். அவர் உதடு எதையோ கணக்குப் போட்டது. என் பக்கத்திலிருந்த வயசாளி, "ஏறு நைனா, என்னாத்துக்கு மலைக்கிற?" என்று கையை நீட்டினார்.

"உங்களோட பெரிய பேஜாராப் போச்சு அண்ணி" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அந்தக் கையைப் பிடித்துப் பம்பரில் ஏறினார்.

ஜீப் பின்பக்கம் ஒரே அமுக்காக அமுங்கியது. அந்த நொடியிலேயே சக்கரம் பிடித்துக்கொண்டது. கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு, மூக்கை வானத்தில் தூக்கிக்கொண்டு, இருபது வாய் ஒன்றாய்க் கூவ, அது வளைவைத் தாண்டி மேலே வந்தது. மேலே வெயில். மேலே காற்று. இரண்டு பக்கமும் சாமை அறுத்த வயல்கள் மஞ்சளாகப் படுத்திருந்தன. தூரத்தில் நெல்லிவாசலின் முதல் கூரைகள். மேட்டில் குதித்து இறங்கி நடந்தே வந்து பழகிய சனம், முதன்முறையாக உட்கார்ந்தபடியே அதைப் பார்த்தது.

சமதரை வந்ததும் அக்கா வேகத்தைக் குறைத்தார். "தம்பி, மேடு முடிஞ்சிச்சு. உள்ள வந்து குந்து."

"வோணாம் அண்ணி. நீங்க போங்க."

அவர் இறங்கவில்லை. உள்ளேயும் வரவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்து, புழுதியில் புருவம் வெளுத்து, பம்பரிலேயே நின்று வந்தார். ஊர் எல்லையில் நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடிவந்தன. பிள்ளைகள் ஓடிவந்தார்கள். அந்தச் சின்னக் குரலில் இத்தனை சத்தம் இருந்தது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஓரம் போ! ஓரம் போ! எங்கூட்டு வண்டி வருது!"

அக்கா ஹாரனில் கையை வைத்தவர்தான். ஊர் நடுவில் போய் நிற்கும்வரை எடுக்கவில்லை.